ஆறு போல்ட்டுகளின் மேல் மஞ்சள் கோடு

என் பெயர், தந்தை பெயர், கதவு எண் எல்லாம் முதல் தாளில் எழுதப்பட்டுவிட்டன. வயது நாற்பத்து மூன்று. தொழில் கார் மெக்கானிக். கியர்பாக்ஸ் வேலையே அதிகம் பார்ப்பதால் பட்டறையில் என்னைக் 'கியரு' என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் என் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். மனைவியோடும் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகளோடும் பட்டறையிலிருந்து இரண்டு தெரு தள்ளி வாடகை வீட்டில் இருக்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும்.

விபத்து நடந்த மூன்றாம் நாள் இதே ஸ்டேஷனில், இதே மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அதில் இரண்டு விஷயம் பொய். அதைச் சொல்லத்தான் இன்று யாரும் கூப்பிடாமல் நானாக வந்திருக்கிறேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. பயமாக இருக்கிறதா என்று இன்ஸ்பெக்டர் அய்யா கேட்டார். இருக்கிறது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். காலையிலிருந்து இரண்டு தடவை வாசல் வரை வந்து திரும்பிப் போனேன். மூன்றாவது தடவை வாசலில் நின்ற கான்ஸ்டபிள், "என்னய்யா, உள்ள வரியா, இல்ல வாக்கிங் போறியா?" என்று கேட்ட பிறகுதான் உள்ளே வந்தேன்.

நான் வேலை பார்க்கும் பட்டறை என் அக்காவின் கணவருடையது. அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். பன்னிரண்டு வருடமாக அவரிடம்தான் வேலை. முன்பு வேலையில்லாமல் தெருத் தெருவாக அலைந்தபோது கூப்பிட்டு ஸ்பானரைக் கையில் கொடுத்தவர் அவர். அதனால் அவர் முன்னால் எனக்குக் குரல் எழும்பாது. பட்டறையில் என்னைத் தவிர பெயிண்டர் ஒருவர் இருக்கிறார். என்னைவிட மூன்று வயது பெரியவர், ஆனால் வாடா போடா என்றுதான் பேசிக்கொள்வோம். மதியம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

விபத்தில் சிக்கிய கார், இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். பெரிய தபால் நிலையத்துக்குப் பின்னால் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டரம்மாவுடையது. பிள்ளைகள் இருவரும் வேலைக்கு வெளியூர் போன பிறகு, இந்தப் பழைய காரை ஆசை ஆசையாகத் தேடி வாங்கினார். "ஊருல உள்ள பல்லையெல்லாம் புடுங்கிச் சேத்த காருப்பா, பாத்துத் தொடு" என்று என்னிடம் அடிக்கடி சொல்வார். என் மகளுக்குப் பல் கம்பி போட்டவரும் அவர்தான். கம்பியைக் கழற்றும் நாளன்று அந்தக் காரில் ஒரு சுற்றுக் கூட்டிப்போவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

விபத்துக்கு இரண்டு மாதம் முன்பு, கியர் மாற்றும்போது அடியில் 'டொக்' என்று அடிக்கிறது என்று காரைக் கொண்டுவந்தார். நான் கீழே படுத்துப் பார்த்தேன். எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீளமான ஷாஃப்ட், கியர்பாக்ஸோடு சேரும் இடத்தில் கனமான ரப்பர் வட்டு ஒன்று இருக்கும். அதைக் கப்ளிங் என்போம். ஆறு போல்ட்டுகள் அதைப் பிடித்திருக்கும். அந்த ரப்பர் வெடித்திருந்தது. ரப்பரோடு ஆறு போல்ட்டுகளையும் மாற்ற வேண்டும், ஒரு தடவை கழற்றியவற்றை மறுபடி போடக் கூடாது என்று சொன்னேன். கம்பெனிச் சாமான் வந்துசேர ஏழு வாரம் ஆகும் என்று அத்தான் சொன்னார். டாக்டரம்மா முகம் சுளிக்கவில்லை. "வரட்டும், அதுவரைக்கும் பஸ்ல போறேன். பஸ்லயும் நாலு பல்லு பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனவே அவர் அவசரப்படுத்தியதால்தான் வேறு சாமான் போட்டோம் என்று அத்தான் இப்போது எங்கள் வீட்டாரிடம் சொல்வது உண்மையில்லை.

அதன் பிறகு அத்தான் கம்பெனிக்கு எழுதவே இல்லை. ஏழு வாரம் முடியும் தறுவாயில் பெயரோ எண்ணோ இல்லாத பிளாஸ்டிக் பையில் ஒரு கப்ளிங்கும் ஆறு போல்ட்டுகளும் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். எங்கள் பட்டறையில் கம்பெனிச் சாமான் வந்த பெட்டிகளை எறிய மாட்டோம். கழற்றிய பழைய சாமானை அந்தப் பெட்டியிலேயே போட்டு வண்டிக்காரரிடம் கொடுப்பது வழக்கம், மாற்றியதற்கு அது சாட்சி. அத்தான் அலமாரியிலிருந்து அப்படி ஒரு பெட்டியை எடுத்து, வெடித்த ரப்பரை அதில் போட்டு, மூடி வைத்தார். கம்பெனிச் சாமான் போட்டதாகக் காட்டப் போகிறார் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

நான் அந்தக் கப்ளிங்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். அழுந்தியது. நல்ல கப்ளிங் அழுந்தாது, உள்ளே நூல் சுற்று இருக்கும். போல்ட்டின் தலையில் அதன் வலுவைச் சொல்லும் எண் பொறித்திருக்க வேண்டும். ஆறிலும் எண் இல்லை, மொட்டையாக இருந்தன. "அத்தான், இது குடும்பத்தோட கடைக்குப் போற காருக்கே தாங்காது, இதுக்கு எப்படி?" என்று கேட்டேன். "அந்தம்மா என்ன ரேஸா ஓட்டப் போறாங்க? ரப்பரு ரப்பர்தான், போடு" என்றார். நான் நின்றேன். "போடுடான்னா" என்றார். போட்டேன்.

போல்ட்டை இத்தனை இறுக்கம்தான் என்று அளந்து முறுக்கும் டார்க் ரென்ச் எங்களிடம் உண்டு. இறுக்கம் சரியானதும் அது 'டிக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். முதல் நான்குக்கும் சத்தம் வந்தது. ஐந்தாவதில் வரவில்லை. ரென்ச் போய்க்கொண்டே இருந்தது, என் கைக்கு அடியில் இரும்பு இழுபடுவது தெரிந்தது. கழற்றிப் பார்த்தேன், மரைக்கு மேலே கழுத்து மெலிந்திருந்தது. ஆறாவதும் அப்படியே. கீழே படுத்தபடியே, "அத்தான், ரெண்டு போல்ட்டு இழுக்குது" என்றேன். பக்கத்தில் அவருடைய செருப்புதான் எனக்குத் தெரிந்தது. "இழுத்தா கொஞ்சம் கம்மியா இறுக்கு. அதுக்குமா சொல்லித் தரணும்?" என்றார். மெலிந்த அதே இரண்டையும் திரும்பப் போட்டு, குறைத்தே இறுக்கினேன்.

இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் மேலும் மெக்கானிக் தன் வண்ணத்தில் ஒரு கோடு போடுவது பட்டறை முறை. போல்ட் தளர்ந்தால் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். நான் இறுக்கினேன், நான் பொறுப்பு என்பதுதான் அந்தக் கோட்டுக்கு அர்த்தம். என்னுடையது மஞ்சள். பெயிண்டரின் டப்பாவில் மிஞ்சியதைத்தான் வாங்கிக்கொள்வேன். அன்று கோடு போடாமல் வெளியே வந்தேன். அத்தான் குனிந்து பார்த்துவிட்டு, "கோடு எங்க? தாராளமாப் போடு, தல பூரா மூடுற மாதிரி" என்றார். எண் இல்லாதது தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் சொன்னார். பெயிண்டரிடம் போய் மஞ்சள் கேட்டேன். "என்னடா கியரு, கை இப்படி ஒதறுது? காப்பி குடிச்சியா இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே மூடியில் ஊற்றிக் கொடுத்தான். ஆறு தலைகளையும் மூடினேன். அன்று போட்ட கோடுகள் கோணலாக இருக்கும். மற்ற என் கோடுகளோடு வைத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும்.

அந்த வாரம் சனிக்கிழமை மாலை நான்கு மணி போல டாக்டரம்மா காரை எடுக்க வந்தார். அன்று காலைதான் என் மகளுக்குக் கம்பி கழற்றியிருந்தார். அவளும் சிரித்த வாய் மூடாமல் பட்டறைக்கு ஓடி வந்து, நான் பார்ப்பதற்குள் காரில் ஏறி பெல்ட்டும் போட்டுக்கொண்டாள். நான் போய்க் கதவைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி, கையைப் பிடித்து இறக்கினேன். "அம்மா தேடுவா, வீட்டுக்குப் போ" என்றேன். அவள், "அப்பா, ஒரே ஒரு ரவுண்டுப்பா" என்றாள். நான் கையை விடவில்லை. அவள் மணிக்கட்டில் என் விரல் தடம் பதிந்திருந்ததை அன்று ராத்திரி அவள் அம்மா காட்டினாள். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "ஏம்ப்பா, என் டிரைவிங் மேல நம்பிக்கை இல்லியா?" என்றார். அத்தான் கல்லா மேஜையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது பெயிண்டர், "பாப்பா வரலன்னா சீட்டு சும்மா போகலாமா? நான் வர்றேன் டாக்டரம்மா, இந்த ஜென்மத்துல இப்படி ஒரு காருல எவன் என்னை ஏத்தப் போறான்?" என்றான். உடுப்பில் பெயிண்ட் இருந்ததால் சீட்டில் செய்தித்தாளை விரித்து அதன் மேல் உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்ததும் கார் புறப்பட்டது. மகள் என்னிடம் பேசாமல் வீட்டுக்கு நடந்தாள்.

நான் வேறு வேலையைத் தொடவில்லை. கை கழுவினேன், துடைத்தேன், மறுபடி கழுவினேன். திரும்பி வரும் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். தெருவில் எந்த வண்டி திரும்பினாலும் அதுவோ என்று பார்த்தேன். கால் மணி நேரம் கழித்து அத்தானுக்குப் போன் வந்தது. மேம்பாலத்தில் ஏறும்போது போல்ட்டுகள் நான்கு முறிந்து, ஷாஃப்ட் அவிழ்ந்து சுழன்று, பெயிண்டரின் பக்கம் காரின் தரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்திருக்கிறது. கார் கைப்பிடிச் சுவரில் மோதி நின்றிருக்கிறது. டாக்டரம்மாவுக்குத் தோள்பட்டை முறிவு. பெயிண்டருக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு காலை எடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு அத்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, போலீஸ் கேட்டால் கம்பெனிச் சாமான்தான் போட்டோம் என்று சொல்லச் சொன்னார். அப்படியே சொன்னேன். அது முதல் பொய். மகளை ஏன் இறக்கினாய் என்று அய்யா கேட்டார். அந்தம்மா கண்மண் தெரியாமல் ஓட்டுவார், அந்தப் பயத்தில் இறக்கினேன் என்றேன். அது இரண்டாவது பொய், அத்தான் சொல்லித்தந்தது இல்லை, நானே சொன்னது. உண்மையில் டாக்டரம்மா நிதானமாகத்தான் ஓட்டுவார். வண்டியைச் சோதித்த அதிகாரி, போல்ட்டுகள் முறைப்படி இறுக்கிக் கோடு போடப்பட்டிருந்தன என்று எழுதினார். என் வார்த்தையும் அந்தக் கோடும் சேர்ந்துதான் டாக்டரம்மா மேல் வழக்காகிவிட்டன. வரும் திங்கட்கிழமை அவர் கூண்டில் ஏற வேண்டும்.

முறியாத இரண்டு போல்ட்டுகள் இங்கே பொருளறையில் இருப்பதாக அறிகிறேன். அவற்றின் தலையிலுள்ள மஞ்சளைச் சுரண்டிப் பாருங்கள். அடியில் எண் இருக்காது.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதுவரை போக எனக்குத் தைரியம் வரவில்லை. பெயிண்டர் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான். இனி பட்டறை போர்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஏணியில் ஏறச் சொல்லி யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்று அவனே சிரித்தான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளைடா கியரு, நீ பாப்பாவ எறக்குன. அத நெனச்சுத்தான் நான் மனசத் தேத்திக்கிறேன்" என்றான். நான் என் கையை உருவிக்கொண்டு வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

இன்று காலை அக்கா போன் செய்து, "என் குடும்பத்த நடுத்தெருவுல நிறுத்திடாதடா" என்றாள். ஜெயிலை நினைத்தால் பயமாக இருக்கிறது. என் மகளை இங்கே கூப்பிட்டு விசாரிப்பீர்களோ என்பதுதான் அதைவிடப் பயம். அவளுக்கு ஒன்றும் தெரியாது. விபத்துக்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். "டாக்டரம்மா மெதுவாத்தான் ஓட்டுவாங்கன்னு நீங்கதானேப்பா சொல்லுவீங்க?" என்று கேட்டாள். சாப்பிடு என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

மேலே உள்ளவை என் வாயால் சொல்லி அய்யா எழுதியவை. வரி விடாமல் எனக்குப் படித்துக் காட்டினார். எல்லாம் நடந்தபடியே இருக்கிறது, ஒரு இடம் தவிர. பெயிண்டர் 'உட்கார்ந்ததும் கார் புறப்பட்டது' என்று சொல்லியிருக்கிறேன். நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன். அவன் உட்கார்ந்து, காலை உள்ளே இழுத்துக்கொண்டு, "சாத்துடா" என்றான். கதவைச் சாத்தியது நான். அதை இங்கே சேர்க்கச் சொன்னேன். சேர்த்த இடத்தில் ஒரு கையெழுத்தும், கடைசியில் ஒரு கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)