தூங்குகிறவரை எழுப்பக் கூடாது

யோகேஷ் இறந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் போதை மறுவாழ்வு இல்லத்தில் இருந்தவர்கள்: வார்டு பொறுப்பாளரான நான், உமாபதி; கட்டிலில் யோகேஷ்; பக்கத்துக் கட்டிலில் பவன்குமார்; அடுப்படியில் ருக்மணியக்கா; கேட்டுக்கு வெளியே சோற்றுத் தூக்குடன் யோகேஷின் மனைவி மோனிகா. டாக்டர் இல்லை. அவர் திருப்பதியிலிருந்து செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருவார். வாக்குமூலத்தை நான் தமிழிலேயே சொல்கிறேன் சார், நீங்கள் தெலுங்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் வார்டில் எல்லாவற்றையும்விடப் பெரியது தூக்கம். மாத்திரையை நிறுத்தியவன் நான்கைந்து நாள் கண்ணை மூட மாட்டான். கால் உதறும், வயிற்றால் போகும், மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும். அதனால்தான் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறது: தூங்குகிறவரை எழுப்பக் கூடாது. எழுதியவன் நான்.

யோகேஷ் நகரிக்காரன், ஸ்ரீசிட்டி தொழிற்சாலையில் வேலை. நாயுடுபேட்டையில் வலி மாத்திரை வாங்கிப் பழகியவன். முன்பு அது மருந்துக்கடைச் சரக்கு. இப்போது அட்டை மட்டும்தான் அதே அட்டை. உள்ளே எவனோ ஒரு கொட்டகையில் எதையோ கலந்து அடிக்கிறான். மூச்சு அடங்கிக் கிடந்தவனை இரண்டு முறை, மாத்திரையின் போதையை முறிக்கிற ஊசி போட்டு எழுப்பியது நான். நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டவன் என்று என்னைச் சொல்கிறவர்கள் யாரும் அப்போது பக்கத்தில் இல்லை.

இரண்டாம் முறைக்குப் பிறகு அவனைக் காணிப்பாக்கம் அழைத்துப் போனேன். குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு பிள்ளையார் முன்னால் சத்தியம் செய்தான். சாட்சி நான். அந்தச் சத்தியத்துக்கு இந்தப் பக்கத்தில் என்ன மதிப்பு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பதினெட்டு நாள் மாத்திரையைத் தொடாமல் இருந்தான். பத்தொன்பதாம் நாள், அந்த வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணிக்குக் குளியலறையில் உதடு நீலமாகிக் கிடந்தான். சட்டைக் காலருக்குள் மாத்திரையை வைத்துத் தைத்திருக்கிறான். பதினெட்டு நாள் விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காது. ஊசி போட்டேன், எழுந்தான். அந்த ஊசி சுகமாக எழுப்பாது. மாத்திரையின் சுகத்தை ஒரேயடியாகப் பிடுங்கிவிடும். வாந்தி எடுத்துக்கொண்டே என் சட்டையைப் பிடித்தான்.

“இன்னாத்துக்குடா எழுப்புன? உன்னாண்ட கேட்டனா?”

“புள்ளையாராண்ட சத்தியம் பண்ணியே.”

“நீ சொல்லச் சொன்ன, சொன்னேன். போடா.”

கோபத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள். எனக்குக் கோபம் வரவில்லை. சட்டையைக் கழற்றி அலசிப் போட்டேன், அவ்வளவுதான்.

ஊசியின் வேகம் ஒரு மணி நேரம் நிற்கும். மாத்திரை அதைவிட அதிக நேரம் நிற்கும். ஊசி இறங்கினால் ஆள் மறுபடி அமிழ்வான். இன்னொன்று போட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். இது உமாபதிக்குத் தெரியாது என்று சொல்லி டாக்டர் என்னைக் காப்பாற்றப் பார்ப்பார். எனக்குத் தெரியும். பத்து மணிக்குக் குறட்டை ஆரம்பித்தது.

“அண்ணா, இது தூக்கத்துல வர்ற கொறட்டை இல்லண்ணா,” என்றான் பவன்குமார். “தண்ணி கொப்புளிக்கிற மாதிரி கீது. இன்னொரு ஊசி போடுண்ணா.”

“ஊசி தீந்துபோச்சு. நீ எப்போடா டாக்டரான? போய் அக்காவுக்கு அவரைக்காய் அரிஞ்சு குடு.”

போனான்.

மோனிகாவை ஜன்னல்வரை விட்டேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தான். குறட்டை வெளியிலேயே கேட்டது.

“தூங்கிக்கினு கீறாராண்ணா?”

“தூங்கறாரு.”

“ஊட்ல ஒரு நாளும் இப்டி தூங்கல. எழுப்பாதீங்கண்ணா. எழுந்ததும் துன்னட்டும்.”

தூக்கை என்னிடம் கொடுத்துவிட்டுக் கும்பிட்டாள். கண் கலங்கியிருந்தது, சந்தோஷத்தில்.

ஏன் எழுப்பினாய் என்று அவன் கேட்டான். எழுப்பாதே என்று அவள் சொன்னாள். இரண்டு பேர் பேச்சையும் கேட்டு நடந்தவன் நான் ஒருவன்தான். காணிப்பாக்கத்தில் முழுகி இதையே சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன்.

கேட்டுவரை அவளோடு போனேன். சாவிக்காகச் சட்டைப் பையில் கைவிட்டபோது இன்னொரு ஊசிமருந்துக் குப்பி விரலில் பட்டது. அதை அப்படியே விட்டுச் சாவியை எடுத்தேன். அவள் வெளியே போனதும் கேட்டைச் சாத்திப் பூட்டினேன்.