முதலாளி ஐயா, அந்த மரம் வேண்டாம்

சங்கத் தலைவர் அவர்களே, அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் மரக்கடை முதலாளி ஐயா அவர்களே, மறைந்த அக்காவின் கணவரே, பிள்ளைகளே, கை கழுவக்கூட நேரமில்லாமல் ஓடி வந்திருக்கும் படகுப் பட்டறைத் தோழர்களே, வணக்கம்.

பேச எழுந்துவிட்டேன். நம் சங்கத்துக்கு மரம் தேர்ந்தெடுத்தவர், நாமெல்லாம் "வளைச்சுப் பாரு அக்கா" என்று கூப்பிட்டவர், போய்விட்டார். இனி யாரைக் கேட்டு நான் மரம் வாங்குவேன்?

எப்படிப் பார்ப்பார் அக்கா! பளபளப்பைக் கண்டு மயங்குவாரா? ஓரத்தில் மெல்லிய சிம்பு ஒன்றைச் சீவி, முழங்காலில் வைத்து வளைப்பார். முடிச்சு இருந்தால் வேண்டாம். நார் குறுக்கே ஓடினால் வேண்டாம். சூட்டில் காயவைத்த மரமா? வேண்டவே வேண்டாம்! "கதவு செய்ய இது நல்ல மரந்தான். படகுக்குள்ள வளைவுச் சட்டம் வைக்க ஈரம் வேணும்ப்பா. பச்சை மரம் ஆவி பட்டா சொன்ன பேச்சு கேக்கும். இது பட்டுனு போயிடும்" என்பார். ஒருமுறை முதலாளியிடமே இப்படிச் சொல்லி, மரத்தை வண்டியோடு திருப்பி அனுப்பினார். இப்போது சிரிக்கிறீர்கள் ஐயா, அன்று சிரிக்கவில்லை!

சற்று முன் முதலாளி கண்கலங்கி அறிவித்தார்: அக்கரைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக நாம் கட்டும் படகுக்கு, அக்கா நினைவாக மரம் இலவசம். எல்லோரும் கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை. ஏன்? அந்த மரம் காலையிலேயே பட்டறையில் இறங்கிவிட்டது. சிம்பு சீவி வளைத்தேன், உடைந்தது. என் கைதான் சரியில்லையோ என்று ஆவியில் வைத்தும் வளைத்தேன், விரிசல் விட்டது. மழைக்காலம் நெருங்குகிறது, பிள்ளைகள் இன்னும் அந்த ஓட்டைப் படகில்தான் போகிறார்கள். நல்ல மனதோடு கொடுத்ததை இத்தனை பேர் முன்னால் எப்படி மறுப்பது? மறுக்காமல்தான் எப்படி இருப்பது?

நம் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. மரத்தைத் தேர்ந்தெடுத்தவரின் பிள்ளைதான் புதுப் படகில் முதலில் ஏற வேண்டும். அக்கா தன் பிள்ளைகளை ஏற்றிவிட்டுக் கரையில் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்பார். "பயமா இருக்காக்கா?" என்று, படகில் துடுப்புப் பிடித்திருந்த நான் ஒருமுறை கேட்டேன். "பயமில்லாமலா? ஒவ்வொரு தடவையும் பயந்தான்டா. வாயை மூடிட்டுத் துடுப்பைப் பாரு" என்றார்.

முதலாளி ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த மரத்தில் பள்ளிக்கூடத்துக்கு அக்கா பெயரில் பெஞ்சு செய்து கொடுப்போம். படகுக்கு, ஈரம் போகாத மரம் தாருங்கள். நாளைக் காலை உங்கள் கிடங்குக்கு வந்து நானே பொறுக்குகிறேன். சரியாகப் பொறுக்குவேனா? தெரியாது, ஐயா.

அக்காவின் பணியைத் தொடர்வேன் என்று உறுதி சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. முன்வரிசையில் தன் அம்மா மடியில் இருக்கிறாளே, அவள் என் மகள். நீச்சல் தெரியாது. புதுப் படகில் முதலில் அவள்தான் ஏறுவாள்.