பதினேழாம் நம்பர் பயறு

பாசிப்பயறு வேக அரை மணி நேரம் ஆகும். காலையிலேயே ஊறப்போட்டால் பாதி நேரம் போதும். அன்றைக்கு நான் ஊறப்போடவில்லை. அவசரம்.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். விதை ஆய்வுக்கூடத்தில், நாற்பது ரகப் பயறில் எது எதற்கு எவ்வளவு நெருக்கம் என்று பார்ப்பது என் வேலை. தளிரை அரைத்து, மரபணுவைப் பிரித்து, ஜெல் என்ற கூழ்ப்பலகையின் குழிகளில் விட்டு மின்சாரத்தில் ஓடவிட்டால் ஒவ்வொரு ரகத்துக்கும் கோடு கோடாக ஓர் அடையாளம் விழும். பதினேழாம் நம்பரின் தளிரை ஃப்ரீசரில் வைக்காமல் அழுகவிட்டேன். சோம்பேறித்தனம், வேறென்ன? மறுபடி முளைக்கவைக்கப் பத்து நாள் ஆகும், அறிக்கையோ நாளைக்கு. ஜெல்லில் பதினேழுக்கென்று காலியாக இருந்த குழியில் பதினாறையே இன்னொரு தடவை விட்டேன். யார் உற்றுப் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

மேடம் பார்த்தார். "ரெண்டும் அச்சு அசல் ஒண்ணா இருக்கே. எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு? பதினேழைக் கழிச்சிடுங்க."

"சரிங்க மேடம்" என்றேன். பதினேழின் விதைப் பொட்டலத்தை எறிய மட்டும் மனம் வரவில்லை. என் டிராயரில் போட்டுவைத்தேன்.

அடுத்த வருஷம், அந்தப் பதினேழாம் நம்பர் விதையை எங்களுக்குக் கொடுத்த விவசாயி அம்மா வந்தார். "சேர்த்து வச்ச விதையெல்லாம் வெள்ளத்துல போயிடுச்சு தம்பி. மஞ்சள் நோய்க்கு அசையாத பயறு அது ஒண்ணுதான். ஒரு பிடி குடுங்க, பெருக்கிக்கிறேன்."

டிராயர் என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. பதினேழைக் கொடுத்து, அது அவர் நிலத்தில் பதினாறிலிருந்து வேறாக நின்றால் என் பொய் வெளியே வந்துவிடும். பதினாறை அளந்து கொடுத்தேன்.

உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். "இது என்னுது மாதிரி இல்லையே?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. மெஷினே சொல்லிடுச்சு."

"படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பையில் போட்டுக்கொண்டார். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அந்தப் போகத்தில் அவர் வயல் முழுக்க மஞ்சளித்துப்போனது, நிலத்தை விட்டுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அவர் வந்துபோன அன்று சாயங்காலமே பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். குப்பையில் கொட்டினால் எங்காவது முளைத்துத் தொலைக்கும். மனசு கேட்காமல் பாதியைத்தான் அடுப்பில் போட்டேன்.

"என்ன திடீர்னு பயறு மேல ஆசை?" என்றாள் மனைவி. அவளுக்கு ஒரு வாய்கூடக் கொடுக்கவில்லை. என் பாவம் அவளுக்கு எதற்கு என்ற நல்லெண்ணம்தான்.

பதினாறு கடையிலேயே கிடைக்கும் ரகம், நாங்கள் தினமும் தின்பதே அதுதான். இது முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. ருசி வேறு.

பொட்டலத்தில் இன்னும் பாதி இருந்தது. அதையும் எடுத்து வேகவைத்தேன்.