ஃபைல் சர்வரை முழுங்கினது யாரு?

…அழிங்கன்னு சொன்னா ஒருத்தரும் அழிக்க மாட்டேங்குறாங்கண்ணே! நீங்க ஏறுங்க, ஏணிய நான் புடிச்சுக்கிறேன். இந்த ஏசில காத்து வருது, குளிர் மட்டும் வரல. மெஷினெல்லாம் அடுப்பாட்டம் கொதிக்குது. தொட்டுப் பாருங்க… ஐயோ, வேணாம், தொடாதீங்க!

அந்த மூலையில மூச்சு வாங்கிக்கிட்டு நிக்குதே, அதான் பழைய ஃபைல் சர்வர். ஆபீசுக்கே பொது பீரோன்னு வச்சுக்குங்களேன். எல்லாரும் எல்லாத்தையும் அதுலதான் திணிப்பாங்க. பாவம், வயசாயிடுச்சு. அதுக்கு ஓய்வு குடுத்துட்டு இந்தப் புதுசுக்கு மாறணும். மாறுறதுன்னா லேசா? பழசுல இருக்கறது புதுசுல அடங்கவே மாட்டேங்குது! அதான் தலைக்கு இவ்ளோதான் இடம்னு கோட்டா போட்டேன். அன்னிலேருந்து நான் எதுத்தாப்ல வந்தா எல்லாருக்கும் அவசரமா பாத்ரூம் வருது.

படம் வரையிற பொண்ணு இருக்கா. ‘கடைசி’ன்னு ஒரு ஃபைல், ‘இதுதான் கடைசி’ன்னு ஒண்ணு, ‘சத்தியமா கடைசி’ன்னு ஒண்ணு. எதும்மா கடைசின்னு கேட்டா, “இன்னும் வேலையே முடியலக்கா”ங்குறா! வரவேற்புல உக்காந்திருக்கிறவரு பூனைப் படமா வச்சிருக்காரு. ஒரே பூனை, ஒரே சோபா. ஒண்ணு போதாதான்னா, “இதுல தூங்குதுங்க, அதுல சும்மா கண்ண மூடியிருக்கு”ன்னு விளக்கம் வேற. என்னத்தச் சொல்ல!

அப்புறம் இந்த பேக்கப்பு. தினமும் எல்லாத்தையும் ஒரு காப்பி எடுத்து வைக்கணும், சரி. எத்தன நாளைக்கு வைக்கிறது? கணக்கு வழக்குன்னா சட்டம் கேக்கும், வருஷக்கணக்குல வச்சுத்தான் ஆகணும். பூனைக்கு எதுக்குண்ணே? ஒரு மாசம் வச்சா பத்தாது? இவங்களுக்கு எல்லாமே ஆயுசுக்கும் வேணும்!

இதுல பெரிய இம்சை கணக்குப் பிரிவு. அதுக்குத் தலைவர் யாருங்குறீங்க? எங்க வீட்டுக்காரரு! ஒரு தாள ஸ்கேன் பண்ணா ரெண்டு பக்கமும் பண்ணுவாரு. பின்பக்கம் வெறும் தாளுங்கன்னா, “வெறும் தாளுதான்னு நாளைக்கு எப்படி நிரூபிப்ப?”ங்குறாரு. சிரிக்காதீங்க, ஏணி ஆடுது. கோட்டா போட்டதுலேருந்து சாப்பிட உக்காந்தா, “இந்த வீட்ல எனக்கு எவ்ளோ சாதம் அனுமதி?”ன்னு குத்தல் பேச்சு. நேத்து எனக்கும் வாய் நீண்டுடுச்சு. “இடத்த முழுங்குற பகாசுரன் நீங்கதான், நாளைக்கு மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் பேரச் சொல்லத்தான் போறேன்”னுட்டேன். மனுஷன் பொட்டியத் தூக்கிக்கிட்டு தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாரு! நாத்தனார் போன் பண்ணி, “அண்ணன் செவுத்தப் பாத்து உக்காந்திருக்கு அண்ணி”ங்குறா. உக்காரட்டும். உண்மை கசக்கத்தானே செய்யும்?

அதான், யாரு எவ்ளோ இடத்த அடைச்சிருக்காங்கன்னு மெஷின எண்ண விட்டிருக்கேன். எண்ணி முடிச்சதும் எங்க மேனேஜர் மேடம் தலைமையில மீட்டிங்… அட, முடிஞ்சிடுச்சு! ஏணிய விட்டுட்டேன், செவுத்தப் புடிச்சுக்குங்க.

எங்க… பூனை… இத்தினியூண்டுதானா? சரி, பொழச்சுப் போகட்டும். கணக்குப் பிரிவு… இதென்ன, இதுவும் ஓரமா ஒடுங்கிக் கெடக்கு? அப்ப மிச்சத்தையெல்லாம் யாரு…? ‘தற்காலிகம்’னு ஒரு ஃபோல்டர். பாத்தீங்களாண்ணே, சிக்கிட்டான்! முக்காவாசி இடம் இவன்கிட்டதான் இருக்கு. மானம் போற மாதிரி கேக்கப்போறேன் பாருங்க. தொறப்போம்… நேத்து எடுத்த பேக்கப்பு. அதுக்குள்ள முந்தாநாள் பேக்கப்பு. அதுக்குள்ள அதுக்கு முந்துன நாளுது… என்னண்ணே, வெங்காயம் உரிக்கிற மாதிரி போயிக்கிட்டே இருக்கு? எந்தப் புண்ணியவான் இத… உருவாக்கியவர்…

உருவாக்கியவர்…

ஒண்ணுமில்லண்ணே. நீங்க வேலையப் பாருங்க.

இல்ல… வெளி டிஸ்க்கு வாங்குற வரைக்கும் பேக்கப்ப இதுலயே ஒரு ஓரமா வச்சுக்கலாம்னு நான்தான்… அப்புறம் மறந்தே போச்சு. அப்போ எல்லாத்தையும் காப்பி எடுக்கறப்ப அந்தக் காப்பியையும் சேத்துக் காப்பி எடுத்து… தெனமும் குட்டி போட்டிருக்கு! எப்ப அழிக்கணும்னு கேட்டிருக்கு, ‘எப்பவும் வேணாம்’னு அமுக்கியிருக்கேன். ஊருக்கெல்லாம் அழிங்க அழிங்கன்னு தொண்ட வறளக் கத்துனவ!

ஷ்ஷ்… வெளிய பேச்சுக்குரல் கேக்குதா? மேடம்தான். கூட யாரு… ஐயோ, எங்க வீட்டுக்காரரு! இவரு எப்ப வந்தாரு?

ஏண்ணே, ஏணிய எதுக்கு மடக்குறீங்க? குளிர் வந்திடுச்சா? அதான் கையெல்லாம் சில்லுனு ஆகுது, நான் பயத்துலன்னு நெனச்சேன். கொஞ்சம் இருங்க. அந்த ஜன்னல் பின்தெருவுலதானே தொறக்குது? ஏணிய மட்டும் வச்சிட்டுப் போங்களேன், அப்புறம் குடுத்தனுப்புறேன்… அண்ணே! கதவையாவது சாத்திட்டு… அண்ணே!

…வாங்க மேடம். வாங்க, வாங்க. எண்ணி முடிச்சாச்சு மேடம், ஆள் யாருன்னும் தெரிஞ்சிடுச்சு…

என்னங்க, சாப்பிட்டீங்களா?