முதல் தட்டு முஷ்டியால்

— மறுபடியும் தப்பு, மெனேர் ஹூக்ஸ்ட்ரா. வார்த்தையோட ஆறு துண்டையும் ஒரே கனத்துல போடறீங்க. மேஜையைத் தட்டுங்க. முதல் தட்டு முஷ்டியால, மத்ததெல்லாம் ஒத்தை விரலால. ஆர்-டாப்-பெல்-ஸ்கில்-மெஸ்-யெ.

— ஆ... ஆர்... டா... மெஸ்...

— பாதிக் கத்தியைக் காணோமே! உருளைக்கிழங்கு சீவற கத்திங்க, அறுபது வருஷமா கையில பிடிச்ச சாமான்.

— வே... ணாம். கா... ப்பி.

— காப்பியும் ஒரு பிஸ்கட்டும் ஆச்சு. ரெண்டாவது பிஸ்கட் கேட்டா இந்த ஊர்ல பெத்த தாயே முறைப்பா. வாங்க, நிஜ வார்த்தைக்கு. பத்தரைக்கு விசாரணைக் குழு வந்துடும். ஸ்லௌஸ்-டூர்-பெ-டீ-நிங். மதகுக் கதவை இயக்கறது, உங்க வேலையோட பேருதான்.

— ஸ்லௌ... டீ...

— முதல்ல அடிங்க! நம்ம டச்சு நீள வார்த்தை எல்லாம் ரயில் மாதிரி. பெட்டி எத்தனை கோத்தாலும் இழுக்கறது முன்னால. அங்கே சறுக்கினா அவங்களுக்கு ஒண்ணும் புரியாது. ஒரே கேள்விதான் கேப்பாங்க. படகு உள்ளே இருக்கும்போதே மதகுக் கதவை மூடின விசைகிட்ட நின்னது நீங்களா, கூட வேலை பார்த்த ஹார்மனா? இந்த வார்த்தை, அப்புறம் ஒரு பேர். போதும்.

— மு... டில.

— நாலு மாசமா இதே பல்லவி. விசித்திரம் என்னன்னா, உங்க விரல் ஒரு நாளும் தப்பா தட்டினதில்ல. நாக்குதான் மக்கர் பண்ணுது.

— பக்... க... வாதம்.

— தெரியும், அன்னைக்கு ராத்திரியே வந்துச்சு. ஆனா அந்த மதகு விசை அறையில இருந்தது நீங்க ரெண்டே பேர். ரெண்டு பொண்ணுங்க படகோட நசுங்கிப் போச்சுங்க. 'நான் இல்ல'ங்கறார் ஹார்மன், ஒருத்தரும் நம்பல. நீங்க வாய் திறக்கலைன்னா அவருக்கு ஜெயில்தான்.

— பா... வம்... ஹா... ர்...

— இருங்க, போன். ஹலோ, வீட்ஸ்கே பேசறேன்... ஆமா, பேச்சுப் பயிற்சி... அவர் தயாராத்தான்... என்னது? எப்போ?... சரி. நானே சொல்லிடறேன்.

— யா... ரு?

— குழு வரல, மெனேர். இனி வரவும் மாட்டாங்க. வழக்கை மூடறாங்க. ஹார்மன்... காலையில அதே மதகுல குதிச்சிட்டாராம். உடம்பை எடுத்துட்டாங்க.

— போ... யிட்... டானா?

— அழணும்னா அழுதுடுங்க. இன்னைக்குப் பாடமெல்லாம் வேணாம்.

— என்னைப் பத்தி ஏதாவது எழுதி வெச்சிட்டுப் போயிருக்கானா, வீட்ஸ்கே?