நான் கொடுக்காத நாற்பத்தைந்து லட்சம்

என் பெயரும் தகப்பனார் பெயரும் அழைப்பாணையில் எழுதியுள்ளபடியே சரி. வயது ஐம்பத்திரண்டு. தொழில், மெத்தை, தலையணை, நாற்காலித் திண்டு தைப்பது. சந்தைத் தெரு பதினேழாம் எண்ணில் கீழே கடையும் மாடியில் வீடுமாக, மனைவியுடன் இருபத்தாறு வருடங்களாக வசித்து வருகிறேன். மனைவியுடன் என்பது கடைசி மூன்று மாதங்களைப் பொறுத்தவரை முகவரி அளவில் மட்டுமே சரி.

சென்ற வருடம் தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு, எங்கள் தெருக்கோடியில் உள்ள கட்சி அலுவலகத்தின் பொருளாளர் என் கடைக்கு வந்து, கூட்ட அறையின் நாற்பது நாற்காலிகளுக்கும் திண்டு வேண்டும் என்று கேட்டார். ஒன்பது நாளில் தைத்துக் கொடுத்தேன். கொண்டுபோய் இறக்கிய அன்றே, நான் கேட்பதற்கு முன்பே, பேரம் பேசாமல் கூலி முழுவதையும் எண்ணிக் கொடுத்துவிட்டார். எனக்குச் சந்தேகம் அப்போதே வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதன் பிறகு மேற்படி பொருளாளர், "சும்மா ஃபைலுக்குத்தாண்ணே" என்று சொல்லி, என் அடையாள அட்டையின் நகல் ஒன்றும் வெற்றுத்தாளில் ஒரு கையெழுத்தும் கேட்டார். கூலி வாங்கிய சந்தோஷத்தில் போட்டுக் கொடுத்தேன்.

அதன் பிறகு ஏழு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. எட்டாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் மனைவியின் தம்பி கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி மாடி ஏறி வந்தார். கட்சிகள் தங்களுக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று வருடா வருடம் வெளிப்படுத்தல் அலுவலகத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்றும், அந்தப் பட்டியலை அலுவலகம் இணையத்தில் போட்டிருக்கிறது என்றும், அதில் நூற்றுப் பதினான்காம் வரியில் என் பெயருக்கும் கடை முகவரிக்கும் நேராக நன்கொடை நாற்பத்தைந்து லட்சம் என்று இருக்கிறது என்றும் சொன்னார். நான் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை.

"என் தம்பி கடை வைக்க ஒரு லட்சம் கேட்டப்போ கைய விரிச்சீங்களே. எவனோ ஓட்டு கேக்கறதுக்கு நாப்பத்தஞ்சா?"

நான் கொடுக்கவே இல்லை என்று சொன்னேன்.

"அப்ப என்ன, பொய்யா எழுதி கவர்மெண்ட்டுக்கே குடுப்பாங்களா?"

அதன் பிறகு மைத்துனர் கீழே கடைக்கு இறங்கி, விற்பனைக்கு இருந்த பதினொரு மெத்தைகளையும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். நான்காவதில் ஏதோ சரசரக்கிறது என்று சொல்லித் தையலைப் பிரித்தார். உள்ளே பஞ்சுதான் இருந்தது. பிரித்ததை அவர் திரும்பத் தைத்துத் தரவில்லை.

அதற்கு அடுத்த வாரம் வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நாற்பத்தைந்து லட்சத்தைத் தூக்கிக் கொடுக்கும் அளவுக்கு எங்கே சம்பாதித்தேன் என்றும், வரியும் அபராதமுமாகப் பத்தொன்பது லட்சத்தை நூற்றிருபது நாட்களுக்குள் கட்டாவிட்டால் கடையும் வீடும் ஜப்தி செய்யப்படும் என்றும் அதில் இருந்தது. வாங்கின கட்சிக்கு வரி கிடையாது என்று தெரிந்துகொண்டேன். அன்று நான் வெட்டிய துணி அத்தனையும் அளவு தப்பின. மனைவி அன்று முதல் என்னுடன் பேசுவதை நிறுத்திவிட்டார். வீட்டுச் செய்திகளைச் சுவரிடம் சொல்வார், நான் கேட்டுக்கொள்வேன்.

அதன் பிறகு நான் பொருளாளரைப் போய்ப் பார்த்தேன். அவர் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "லிஸ்டுல பேரு வந்துருச்சுல்லண்ணே, உங்களுக்கும் பெருமைதானே" என்று சொல்லி, ஏற்கனவே அச்சடித்து வைத்திருந்த நன்றிக் கடிதம் ஒன்றைக் கொடுத்தார். இதே மாதிரி இரண்டு மாதத்தில் ஆறு முறை போய், ஆறு நன்றிக் கடிதங்களுடன் திரும்பி வந்தேன்.

அதன் பிறகு வெளிப்படுத்தல் அலுவலகத்துக்குப் போனேன். அது ஒரு வங்கிக்கு மேலே, மூன்றாம் மாடியில், ஒரே அறை. ஒரே ஓர் அதிகாரி. அவருடைய நாற்காலித் திண்டு கிழிந்து பஞ்சு வெளியே வந்திருந்ததால், அதன் மேல் ஒரு கட்சியின் கணக்குக் கோப்பை வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"தேதிக்குள்ள வந்துச்சா, கையெழுத்து இருக்கா, பக்க நம்பர் சரியா இருக்கா, இந்த மூணத்தான் சார் நாங்க பாப்போம்" என்றார்.

"உண்மையான்னு யாரு பாப்பாங்க?"

"அதுக்குத் தனியா ஒரு போஸ்ட் இருக்கு சார். ஆள்தான் போடல."

பொய்க் கணக்குக் கொடுத்தால் என்ன தண்டனை என்று கேட்டேன். ஐந்நூறு அபராதம் என்றும், பதினான்கு வருடங்களில் அது ஒரே ஒரு முறை, தாளின் இரண்டு பக்கமும் எழுதிவிட்ட ஒரு சின்னக் கட்சிக்குப் போடப்பட்டது என்றும், அந்த ஐந்நூறும் இன்னும் வரவில்லை என்றும் சொன்னார். என் பெயரையாவது எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். நன்கொடை கொடுத்தவர்தான் மனுப் போட முடியும், நீங்கள்தான் கொடுக்கவில்லை என்கிறீர்களே என்றார். நீங்கள் கொடுக்கவில்லை என்று கட்சியே எழுதிக் கொடுத்தால் வரி அலுவலகம் ஏற்கும், ஆனால் எந்தக் கட்சி அப்படி எழுதும் என்றும் கேட்டார். அதைக் கேட்டபோது அவர் முகத்தில் வருத்தம் இருந்தது.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் மனைவி இருந்த பக்கமாகச் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்து, "தூக்கிக் குடுக்கத் தெரிஞ்ச மனுசனுக்குத் திருப்பிக் கேக்க வாய் இல்லையாக்கும்" என்று சொன்னார். அவர் கோபத்தில் சொன்னார். எனக்கு அது கோபமாகக் கேட்கவில்லை.

மறுநாள் அலுவலகம் திறக்கும் முன்பே மூன்றாம் மாடியில் போய் நின்றேன். நன்கொடையைத் திரும்பக் கேட்க ஏதாவது படிவம் உண்டா என்று கேட்டேன். அதிகாரி அலமாரியின் அடித்தட்டில் வெகுநேரம் தேடி, ஒன்பதாம் படிவம் என்று ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல சார்" என்றார். நான் பொய் எழுத மாட்டேன் என்று சொன்னதால், "பட்டியலின் நூற்றுப் பதினான்காம் வரியில் கண்டுள்ள தொகையை எனக்குத் திருப்பித் தரவும்" என்று மட்டும் எழுத அவரே வாசகம் சொல்லிக்கொடுத்தார். அதன் பிறகு முத்திரையை இரண்டு முறை அழுத்திக் குத்தி, நகலைக் கட்சிக்கு அனுப்பினார்.

நான்காம் நாள் பொருளாளர் கடைக்கு வந்து, விற்பனைக்கு இருந்த மெத்தையில் செருப்புக் காலுடன் உட்கார்ந்தார்.

"அண்ணே, உங்க மனசாட்சியத் தொட்டுச் சொல்லுங்க. நீங்க ஒரு பைசா குடுத்தீங்களா?"

"அதத்தானே நானும் கேட்டுட்டிருக்கேன். எழுதிக் குடுங்க."

"எழுத்துல எப்படிண்ணே குடுக்க முடியும்?"

"அப்ப நாப்பத்தஞ்சக் குடுங்க."

அதன் பிறகு அவர் வணிகர் அணியில் துணைச் செயலாளர் பதவி தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். செயலாளர் பதவி என்றார். காலை எடுங்கள், மெத்தை அழுக்காகிறது என்றேன். இதற்கிடையில் கட்சி அலுவலகத்துக்கு வெள்ளையடித்தவரும் குழாய் மாற்றியவரும், தங்கள் பெயரில் முறையே முப்பதும் அறுபதும் லட்சம் இருப்பதைக் கண்டு, என்னிடம் விசாரித்துக்கொண்டு போய் ஆளுக்கொரு ஒன்பதாம் படிவம் கொடுத்தார்கள். குழாய்க்காரர் வட்டியும் சேர்த்துக் கேட்டிருந்தார். இதைக் கேள்விப்பட்ட பொருளாளர், வக்கீலைக் கூடக் கலக்காமல், நேற்று மாலை இந்தக் காவல் நிலையத்தில் என் மீது மோசடிப் புகார் கொடுத்திருக்கிறார்.

அந்தப் புகாரை இன்று ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். "மேற்படி மெத்தைக்காரர் எக்காலத்திலும் எங்கள் கட்சிக்கு ஒரு சல்லிக்காசும் கொடுத்தவர் அல்லர், கொடுக்காத பணத்தைக் கேட்டு ஏமாற்றப் பார்க்கிறார்" என்று கட்சியின் தாளில், பொருளாளரின் கையெழுத்துடனும் கட்சி முத்திரையுடனும் இருந்தது. இன்னொரு முறை படிக்கும்படி கேட்டுக்கொண்டேன். பிறகு வெளியே மரப்பலகையில் உட்கார்ந்திருந்த என் மனைவியை உள்ளே அழைத்து, மூன்றாம் முறையும் படிக்கும்படி கேட்டுக்கொண்டேன். படித்து முடித்ததும் மனைவி என்னைப் பார்த்து, "காலைல சாப்டீங்களா?" என்று கேட்டார். சாப்பிடவில்லை என்று சொன்னேன்.

புகாருக்கு என் தரப்பு மறுப்பு என்ன என்று ஆய்வாளர் கேட்டார். மறுப்பு ஒன்றும் இல்லை. நான் சல்லிக்காசு கொடுக்கவில்லை என்பது வரை அதில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் உண்மை என்று ஒப்புக்கொள்கிறேன். கேட்டது என் வரிக்காகத்தான், ஏமாற்ற அல்ல. அந்தப் புகாரின் சான்றிட்ட நகல்கள் மூன்று வேண்டும். ஒன்று வரி அலுவலகத்துக்கு, ஒன்று மூன்றாம் மாடிக்கு, ஒன்று வீட்டில் கண்ணாடி போட்டு மாட்ட. புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதற்காகப் பொருளாளர் இப்போது வக்கீலுடன் வாசலில் வந்து நிற்பதாக அறிகிறேன். அதற்கு நான் கடுமையாக ஆட்சேபணை தெரிவிக்கிறேன். என் மீதான வழக்கைத் தளர்வு காட்டாமல் நடத்தித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இதுவரை சொன்னது நான் கண்டதும் பட்டதும்தான். படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது. எழுத்து நிரம்பிய தாளில் மட்டுமே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
மெத்தைக்காரர், சந்தைத் தெரு