பதினேழாம் நம்பர் ஷெட்டில் ஐந்து அத்தி

— அந்தச் சாக்கை எடு, ஹைகோ. அஞ்சு தொட்டியிலயும் எடு.

— எதுக்கு கெர்லிண்ட் இப்போ? வெளிய மைனஸ் பதினாறு. ஏப்ரல்ல வந்து பார்த்துக்கலாம், விடு.

— ஏப்ரல்ல பார்க்க என்ன மிச்சம் இருக்கும்? இங்க பாரு. பிப்ரவரியில அத்தி மரம் இலை விட்டிருக்கு.

— இலை விட்டா நல்லதுதானே?

— நல்லதா? பதினாறு வருஷமா நவம்பர் வந்தா நீ ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் பிடிச்சு இதுங்களைக் கார் ஷெட்டுக்குள்ள வைக்கிறோம். கார் வெளிய பனியில நிக்குது. எதுக்காம்?

— மரம் தூங்கறதுக்கு.

— ஆமா, இருட்டுல, குளிர்ல. இது முழிச்சிருக்கு. முழிச்சு, சோகை பிடிச்ச மாதிரி நாலு இலை விட்டு, அத்தனையும் கருகியிருக்கு. பட்டையை நகத்தால கீறு.

— பச்சையே இல்ல.

— அடுத்தது?

— அதுலயும் இல்ல. போதும் விடு.

— வாரக்கணக்கா சூடு பட்டிருக்கு, ஹைகோ. நடுவுல சூடு நின்னிருக்கு. முழிச்ச மரம் சாக ரெண்டு நாள் குளிர் போதும்.

— வெயில் அடிச்சிருக்கும்.

— ஜன்னலே இல்லாத ஷெட்டுலயா?

— கெர்லிண்ட், நான் வந்து...

— நான் எங்கயும் போகப்போறதில்ல. மெதுவா சொல்லு.

— அதோ, அந்த ஹீட்டர். நான்தான் போட்டேன். நீ தபால் ஆபீஸ் வேலைக்குக் கிளம்பினதும் எட்டு மணிக்குப் போடுவேன், நாலு மணிக்கு அணைச்சிடுவேன். சனி ஞாயிறு நான் வீட்ல இருப்பேனே, அதான்...

— எட்டு மணிக்கு நீ ஃபாக்டரியில இருக்கணும்.

— நவம்பர்லயே அனுப்பிட்டாங்க. எங்க செக்‌ஷன்ல பன்னெண்டு பேரை.

— சரி.

— காலையில ரொட்டி கட்டித் தருவே. வாங்கிட்டுக் கிளம்புவேன். முல்டே ஆத்தங்கரையில காரை நிறுத்திட்டு, நீ போனப்புறம் இங்க வந்துடுவேன். வீட்ல இருந்தா மேல் வீட்டு நோய்பெர்ட் அம்மாவுக்குத் தெரிஞ்சிடும்.

— எட்டு மணி நேரம் என்ன பண்ணே?

— ஒண்ணும் பண்ணலை. இந்த ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தேன். அழுகைகூட வரலை. முதல் மாசம் கோட்டைப் போட்டுக்கிட்டு ஓட்டினேன், அப்புறம் விரல் மரத்துப்போச்சு, ஹீட்டரைப் போட்டேன். ஒரு நாள் தளிர் விட்டுச்சு. சந்தோஷமா இருந்துச்சு, முட்டாள் மாதிரி. செத்துடும்னு தெரியும். தெரிஞ்சும் அணைக்கலை. கருகினப்புறம் சாக்கைப் போட்டு மூடிட்டேன்.

— ம்.

— என்னைத் திட்டு, கெர்லிண்ட். உன் மரத்தையெல்லாம் கொன்னுட்டு நிக்கிறேன்.

— அந்த ஹீட்டர் ஏது உனக்கு?

— இங்கதான் கிடந்துச்சு. கோடைக்கு மாட்டற கார் டயருக்குப் பின்னால. யாரோட பழசோ.

— பழசு இல்ல. உன் வீட்டுக்காரர் பகல் பூரா ஷெட்டுக்குள்ள இருக்காரேன்னு நோய்பெர்ட் அம்மா டிசம்பர்லயே சொல்லிட்டாங்க. நீயா சொல்லுவேன்னு இன்னிக்கு வரைக்கும் பார்த்தேன். ஹீட்டரை வாங்கி அங்க வச்சவ நான். மரம் பிழைக்காதுன்னு தெரிஞ்சுதான் வச்சேன்.